தெரிந்தபின் மீதமிருக்கும் மாதங்கள்

மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் குழந்தைச் சாவுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. தோட்டத்துக் கதை என்றால் லயத்து வீட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வரும். டிரெசர் ஒரு பாட்டிலில் கலர் தண்ணி ஊற்றிக் கொடுப்பார். லாரி கிடைக்காது, கிடைத்தால் மண்சாலையில் சிக்கிக்கொள்ளும். கடைசிப் பத்தியில் தாய் மாரில் அடித்துக்கொண்டு அழுவாள். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அந்தச் சாவுகள் நடந்தவை. ஜாசின், தெபோங், புக்கிட் ஆசாஹான் பக்கம் பால்மரம் வெட்டிய வயதான அம்மாக்களிடம் பேச்சுக் கொடுத்தால், ‘பொறந்தது ஏழு, நின்னது நாலு’ என்று கணக்குச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்தக் கதைகள் எல்லாவற்றுக்கும் எஞ்சின் ஒன்றுதான்: தாமதம். வண்டி நேரத்துக்கு வந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும். அதனால் கதையின் கோபத்துக்கு ஒரு முகவரி உண்டு. தோட்ட நிர்வாகம், கம்பெனி, அரசாங்கம் என்று யாரையாவது நோக்கி விரல் நீட்டலாம். நம் இலக்கியத்துக்குக் கோபப்படத் தெரியும். அதில் அதற்கு நல்ல பயிற்சி இருக்கிறது.

ஆனால் வண்டி நேரத்துக்கு வந்துவிட்டது, டாக்டர் நல்லவர், ஆஸ்பத்திரி அரை மணி நேரத் தூரம், எல்லாம் சரியாக இருந்தும் குழந்தை பிழைக்காது என்றால்? அதுவும் பிறப்பதற்கு நான்கு மாதம் முன்பே அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்றால்? அப்போது அந்தப் பழைய எஞ்சின் ஓடாது. விரல் நீட்ட ஆள் இல்லை. மிச்சம் இருப்பது நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தை எழுத நம்மிடம் ஒரு வடிவம் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

நான் இலக்கியம் படித்தவன் இல்லை. டுரியான் துங்காலில் உள்ள பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் முடித்துவிட்டு ஆயர் கெரோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். எங்கள் இடத்தில் வெல்டிங்கை அறுத்துப் பார்க்காமல் சோதிக்க ஒரு கருவி உண்டு. காதுக்குக் கேட்காத ஒலியை உலோகத்துக்குள் அனுப்பும், எதிரொலியை வைத்து உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லும். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன் இந்தக் கருவியின் வாரிசுதான். 1950களில் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர் உலோகத்தில் விரிசல் தேடும் கருவியை இரவல் வாங்கித்தான் தன் ஆராய்ச்சியை ஆரம்பித்தார். 1958இல் அவருடைய கட்டுரை ‘லான்செட்’ இதழில் வந்தது. எங்கள் தொழிலில் விரிசல் தெரிந்தால் அந்தப் பாகத்தை ஒதுக்கிவிடுவோம், அல்லது அறுத்துத் திரும்ப ஒட்டுவோம். வேறு வழி கிடையாது. வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளை விஷயத்தில் கருவி தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்காது.

சென்ற ஆண்டு இரண்டு புத்தகங்களை அடுத்தடுத்து வாசித்தேன். ஒன்று, ஜப்பானிய எழுத்தாளர் கென்சாபுரோ ஓயேயின் நாவல் ‘எ பெர்சனல் மேட்டர்’. மற்றது, அமெரிக்கப் பத்திரிகையாளர் ஏமி கூபல்பெக் எழுதிய நினைவுநூல் ‘வெயிட்டிங் வித் கேப்ரியல்’. இரண்டையும் ஆங்கிலத்தில்தான் வாசித்தேன். தரத்தில் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஓயே நோபல் வாங்கியவர். கூபல்பெக்கின் நூலைப் பலரும் இலக்கியம் என்றே சொல்லமாட்டார்கள். ஆனால் என் கேள்விக்கு அவர் நூலில்தான் பதிலின் ஒரு பாதி இருந்தது.

ஓயேயின் மகன் ஹிகாரி 1963இல் மண்டையோட்டுக் குறைபாட்டுடன் பிறந்தான். நாவல் அடுத்த ஆண்டே வந்தது. கதாநாயகனின் பட்டப்பெயர் பேர்ட். டியூஷன் மையத்தில் பாடம் நடத்தும் இளைஞன். ஆப்பிரிக்காவுக்குப் போகும் கனவில் வரைபடங்கள் வாங்கிச் சேர்ப்பவன். குழந்தை தலையில் பெரிய புடைப்போடு பிறக்கிறது. பிழைத்தாலும் வெறும் செடி மாதிரிதான் கிடக்கும் என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. ஆஸ்பத்திரியில் பாலுக்குப் பதில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து மெதுவாகப் போகவிடலாம் என்று ஓர் ஏற்பாடு நடக்கிறது. பேர்ட் குடிக்கிறான், பழைய காதலியின் வீட்டில் ஒளிந்துகொள்கிறான், ‘முடிந்தது’ என்ற போன் அழைப்புக்காகக் காத்திருக்கிறான். அழைப்பு வரவில்லை. பிள்ளை பிடிவாதமாக உயிரோடு இருக்கிறது.

பிள்ளை செத்தால் தேவலை என்று நினைக்கும் அப்பனை ஓயே தப்பிக்க விடுவதில்லை. அவனுக்காக வாதாடவும் இல்லை. தமிழில் ஒரு தகப்பன் இப்படி நினைத்தால் கதாசிரியர் அடுத்த வரியிலேயே அவனைக் கண்ணீர்விட வைத்துவிடுவார். அந்த நேர்மைக்காகவே இந்த நாவலை நம் எழுத்தாளர்கள் வாசிக்க வேண்டும்.

ஆனால் எனக்கு இதில் இரண்டு குறைகள் தெரிந்தன. முதலாவது, கடைசி அத்தியாயம். பேர்ட் மனம் மாறி அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிக்கிறான். நினைத்த நோயே இல்லை, சாதாரணக் கட்டிதான் என்று தெரியவருகிறது. இந்த முடிவை மிஷிமா உட்படப் பலர் அப்போதே விமர்சித்தார்கள். வாழ்க்கையில் ஹிகாரி உண்மையாகவே பிழைத்தார், வளர்ந்து இசையமைப்பாளரும் ஆனார். அதனால் இதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் பிழைக்கவே பிழைக்காத பிள்ளையை வைத்திருக்கும் வீட்டுக்கு இந்த முடிவால் ஒரு பயனும் இல்லை. ஓயேவுக்கே இது உறுத்தியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதே 1964இல் அவர் எழுதிய ‘அக்வீ’ என்ற பேயின் கதையில், பிள்ளையைச் சாகவிட்ட ஒரு தகப்பன் வருகிறான். வெள்ளைச் சட்டை போட்ட பிரம்மாண்டமான குழந்தை ஒன்று வானத்திலிருந்து இறங்கி அவனிடம் வந்துபோகிறது. நாவலைவிட அந்தச் சிறுகதை என்னை அதிகம் தொந்தரவு செய்தது.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. நாவலில் பிள்ளையைப் பெற்றவள் எங்கே? ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறாள். அவளிடம் உண்மையை முழுசாகச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருப்பதுதான் பேர்ட் ஊர் சுற்றுவதற்கு வசதி செய்து கொடுக்கிறது. 1963இல் அப்படி மறைக்க முடிந்தது. பிள்ளை வெளியே வந்த பிறகுதான் டாக்டருக்கே தெரியும். இன்றைக்கு ஸ்கேன் அறையில் படுத்திருப்பவள் தாய். டாக்டரின் கை ஓர் இடத்தில் நின்று, அறை அமைதியாகி, இன்னொரு டாக்டரைக் கூப்பிடும்போது முதலில் புரிந்துகொள்பவள் அவள்தான். தகப்பன் ஓடலாம், தாயால் முடியாது. அவள் எங்கே போனாலும் பிள்ளையும் கூடவே போகும்.

கூபல்பெக்கின் நூல் அந்த இடத்திலிருந்துதான் எழுதப்பட்டிருக்கிறது. 2003இல் வெளிவந்தது. வயிற்றில் இருக்கும் மகனுக்கு இதயத்தின் இடதுபாதி வளரவில்லை என்று அவருக்குக் கர்ப்பத்திலேயே சொல்கிறார்கள். இந்த நோயைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இந்த நூலின் துக்கமே அதன் இயக்கத்தில் இருக்கிறது. கருவில் நுரையீரலுக்கு வேலை கிடையாது. ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாக வருகிறது. அதனால் நுரையீரலைத் தவிர்த்துவிட்டு இரத்தம் போக இரண்டு பைபாஸ் வழிகள் திறந்திருக்கும். இடதுபக்கம் இல்லாவிட்டாலும் வலதுபக்கம் அந்த வழியாக உடம்பு முழுக்க இரத்தத்தைத் தள்ளிவிடும். பிள்ளை உதைக்கும், புரளும், எடை போடும். பிறந்து மூச்சு எடுத்த பிறகு அந்த வழிகள் தாமாக மூட ஆரம்பிக்கும். நம் எல்லோருக்கும் மூடியதால்தான் நாம் நன்றாக இருக்கிறோம். இந்தப் பிள்ளைக்கு மட்டும் அது மூடினால் உயிர் போய்விடும். அம்மாவின் வயிறு ஒன்றுதான் அவன் ஆரோக்கியமாக இருக்கக்கூடிய இடம்.

பல கட்டமாகச் செய்யும் அறுவைச் சிகிச்சை ஒன்று இருந்தது. அந்தத் தம்பதி யோசித்துப் பார்த்து அது வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்கள். கேப்ரியல் 1999இல் பிறந்து சில மணி நேரம் மட்டுமே வாழ்ந்தான். நூல் அந்தச் சில மணி நேரத்தைப் பற்றியது மட்டும் அல்ல. அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றியது. கடையில் யாரோ ‘எப்போது டெலிவரி’ என்று கேட்டால் என்ன சொல்வது? மூத்த பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? அடக்கத்துக்கு யாரைப் பார்ப்பது? கையில் வாங்கிய பிறகு அந்த நேரத்தை எப்படிச் செலவழிப்பது? எல்லாம் நடைமுறைக் கேள்விகள். வாசிக்கும்போது ஒரு புராஜெக்ட் திட்டம் மாதிரி இருக்கிறது என்று முதலில் தோன்றியது. பிறகுதான் புரிந்தது, அந்தத் திட்டமிடல்தான் அங்கே வளர்ப்பு. இருபது வருடத்துக்குச் செய்ய வேண்டியதை அவர்கள் சில மாதத்துக்குள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த நூலிலும் எனக்குச் சிக்கல் உண்டு. கத்தோலிக்க நம்பிக்கை அதைத் தாங்கிப் பிடிக்கிறது. பாதிரியார் இருக்கிறார், சடங்கு இருக்கிறது, சொல்வதற்கு வார்த்தைகள் தயாராக இருக்கின்றன. பேர்டுக்கு இருந்த அசிங்கமான எண்ணங்களுக்கு இங்கே அதிக இடமில்லை. ஓயே எழுதிய இருட்டையும் கூபல்பெக் எழுதிய அட்டவணையையும் ஒரே புத்தகத்தில் வைத்தால்தான் உண்மைக்குப் பக்கத்தில் போகலாம் என்று தோன்றுகிறது.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை என்று சொன்னால் அது தப்பு. புறநானூற்றின் 74ஆம் பாட்டு நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியது. சோழனின் சிறையில் தண்ணீர் கேட்டு, அது காலம் தாழ்த்தி வந்ததால் குடிக்காமல் இறந்தான் என்று பாட்டின் குறிப்பு சொல்கிறது. இறந்து பிறந்த குழந்தையானாலும், வெறும் சதைப்பிண்டமாகப் பிறந்தாலும், அதையும் ஆள் என்று மதித்து வாளால் கீறியே அடக்கம் செய்யும் மறக்குடி வழக்கத்தை அவன் அதில் சொல்கிறான். பள்ளியில் இதை மானத்துக்கு எடுத்துக்காட்டு என்று சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது வாசித்தால் எனக்கு வேறு ஒன்று தெரிகிறது. ஒரு பொழுதுகூட உயிரோடு இல்லாத பிள்ளையையும் இந்தக் குடியின் ஆள் என்று கணக்கில் சேர்த்த ஒரு சமூகம் இருந்திருக்கிறது. அதே சமயம், அந்தப் பிள்ளை பாட்டுக்குள் வருவது அரசனின் மானத்தை அளக்கும் படிக்கல்லாகத்தான். வாளை எடுத்தபோது பெற்றவள் எங்கே இருந்தாள் என்று பாட்டில் இல்லை. ஓயேவின் நாவலில் இருக்கும் அதே காலி இடம்.

பாட்டில் இல்லாதது வழக்கத்தில் கொஞ்சம் இருக்கிறது. பிறக்கும் முன்னால் புதுத்துணி வாங்கமாட்டோம். பழைய வேட்டியைக் கிழித்துத்தான் முதல் துணி. வெறுந்தொட்டிலை ஆட்டக்கூடாது என்பார்கள். முன்னால் பிறந்தவை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மா, பிச்சை என்று பேர் வைப்பார்கள். மூக்குக் குத்தி மூக்கன், மூக்காயி என்பார்கள். எமனுக்கு வேண்டாத பொருளாகக் காட்டும் தந்திரம். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லிக் கடந்துபோகிறோம். எனக்கு இவை தயாரிப்பாகத் தெரிகின்றன. பிள்ளை தங்கலாம், தங்காமலும் போகலாம் என்று தெரிந்தவர்கள் இரண்டுக்கும் கொஞ்சம் இடம் விட்டு வாழ்ந்திருக்கிறார்கள். ஆனால் அவை எல்லாமே ‘போகலாம்’ என்ற சந்தேகத்துக்கான வழக்கங்கள். ‘போகும்’ என்று தெரிந்தபின் செய்ய ஒன்றும் இல்லை. தாலாட்டு பிறந்த பிறகு, ஒப்பாரி இறந்த பிறகு. பச்சைக் குழந்தைக்குப் பெரிய காரியமும் கிடையாது. ஆம்பளைகள் எடுத்துக்கொண்டு போய்ப் பால் ஊற்றிப் புதைத்துவிட்டு வருவார்கள். அம்மாவிடம் ‘பார்க்காதே, பார்த்தா மறக்க முடியாது’ என்பார்கள்.

எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. சில வருடங்களுக்கு முன் என் அக்காவுக்கு இருபத்திரண்டாவது வாரத்தில் தெரிந்தது. பதினெட்டாவது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று. இப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவை முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. பல பிள்ளைகள் பிறக்கும் முன்பே போய்விடும். இங்கே அரசாங்கக் கிளினிக்கில் கர்ப்பிணியின் பிங்க் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஆபத்துக்கு ஏற்ற நிறம் ஒட்டுவார்கள். அது யார் எங்கே பார்க்க வேண்டும் என்பதற்கான நிறம். அக்காவின் நிலைமைக்கு அதில் நிறம் கிடையாது. டாக்டர் ஆங்கிலத்தில் ‘இன்கம்பேட்டிபல் வித் லைஃப்’ என்றார். நான் அந்தச் சொல்லை சாஃப்ட்வேருக்கும் சாக்கெட்டுக்கும்தான் பயன்படுத்தியிருக்கிறேன். வீட்டுக்கு வரும் வழியில் அக்கா கேட்டது ஒன்றுதான்: “இத அம்மாகிட்ட தமிழ்ல எப்படிடா சொல்றது?” எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. குறைப்பிள்ளை என்றால் அது வேறு. ஊனம் என்றால் அதுவும் வேறு. கடைசியில் அத்தான்தான், “தங்காதாம் அத்தை” என்று அம்மாவிடம் சொன்னார். பழைய சொல். அது போதுமானதாக இருந்தது.

வளைகாப்பு பேச்சு வந்தபோது வீட்டில் சண்டை. அம்மா வேண்டவே வேண்டாம் என்றார். ஊரைக் கூட்டி வைத்து எல்லோர் முகத்திலும் எப்படி விழிப்பது என்று கேட்டார். தெபோங்கிலிருந்து வந்திருந்த பெரியம்மா, தோட்டத்தில் இரண்டைப் புதைத்தவர், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “வளவி சத்தம் புள்ளைக்குத்தாம்மா போடறது. வெளிய வந்து கேக்காதுன்னா உள்ள இருக்கயிலயே கேட்டுட்டுப் போவட்டும்.” ஏழு பேரோடு சின்னதாக நடந்தது. பிள்ளை பிறந்து ஐம்பது நிமிடம் இருந்தது. அக்கா பார்த்தாள், தூக்கினாள், பேர் வைத்தாள். பிறப்புப் பத்திரத்திலும் இறப்புப் பத்திரத்திலும் ஒரே தேதி. மிசி ஒருவர் பாதத்தில் மை தடவி ஒரு அட்டையில் பதித்துக் கொடுத்தார். அது இப்போது அக்காவின் அலமாரியில் இருக்கிறது.

இதை உருக்கத்துக்காக எழுதவில்லை. பெரியம்மா செய்தது ஒரு விமர்சகர் செய்யும் வேலை. பழைய சடங்கை எடுத்தார், அது எதற்காக இருக்கிறது என்று கேட்டார், புதுச் சூழ்நிலைக்கு அதைத் திருப்பி வாசித்தார். நம் எழுத்தாளர்கள் இதைத்தான் இன்னும் செய்யவில்லை.

இந்த விஷயம் பொதுவெளிக்கு வரும்போதெல்லாம் ‘வைத்துக்கொள்வதா, கலைப்பதா’ என்ற ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. 2008இல் மும்பையில் நிகேதா மேத்தா வழக்கு அப்படித்தான் ஆனது. கருவின் இதயத்தில் கடுமையான குறை இருப்பது தெரிந்தபோது இந்தியச் சட்டம் அனுமதித்த 20 வாரம் தாண்டிவிட்டிருந்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் கலைக்க அனுமதி மறுத்தது. அதே மாதம் கரு தானாகச் சிதைந்தது. 2021இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது கடுமையான குறை என்று மருத்துவக் குழு சொன்னால் வார வரம்பு இல்லை. நம் நாட்டில் தண்டனைச் சட்டம் 312ஆம் பிரிவு தாயின் உயிருக்கும், உடல் மன நலத்துக்கும் ஆபத்தா என்று மட்டுமே பார்க்கிறது. கருவின் நோய் அங்கே தனிக் காரணமாக இல்லை. சட்டம் முடிவைப் பற்றித்தான் பேச முடியும். எந்த முடிவு எடுத்தாலும் அதற்குப் பிறகு அந்த வீட்டில் ராத்திரி சாப்பாடு உண்டு, பக்கத்து வீட்டுக்காரரின் விசாரிப்பு உண்டு, தூக்கம் வராத நேரம் உண்டு. மேத்தா வழக்கைப் பற்றி நான் வாசித்ததெல்லாம் வாதங்கள்தான். அந்த வீட்டின் நாட்கள் அவர்களுடைய அந்தரங்கம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அந்த அந்தரங்கத்துக்குள் யாரையும் காயப்படுத்தாமல் போகக்கூடியது புனைகதை ஒன்றுதான்.

அதனால் நம் எழுத்தாளர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். பிள்ளையைப் பெற முடிவெடுத்தவளைத் தெய்வம் ஆக்காதீர்கள். முடியாது என்றவளைக் கல்நெஞ்சக்காரி ஆக்காதீர்கள். கடைசிப் பத்தியில் டாக்டர் ஓடிவந்து ‘ரிப்போர்ட் மாறிவிட்டது’ என்று சொல்ல வேண்டாம். சன்னாசிமலை ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டதும் எல்லாம் சரியாகிவிட வேண்டாம். நேர்ந்துகொள்ளட்டும், அது நடப்பதுதான். மாசி மகத்துக்கு வயிற்றோடு போய் நிற்கும் ஒருத்தி அங்கே என்ன கேட்பாள் என்று எழுதுங்கள். பிழைக்க வை என்றா, வலிக்காமல் போகட்டும் என்றா, கொஞ்ச நேரமாவது கையில் இருக்கட்டும் என்றா? இந்த மூன்று வேண்டுதலுக்கும் நடுவில் ஒரு நாவலுக்கான இடம் இருக்கிறது.

தோட்டக் கதைகளின் காலத்தில் நேரம்தான் நம் ஆட்களுக்குக் கிடைக்காத பொருள். இப்போது ஒரு கருவி நான்கு மாதத்தைக் கொடுத்திருக்கிறது. யாரும் கேட்டு வாங்கியது அல்ல, பலருக்கு அது தண்டனையாகவும் இருக்கிறது. ஆனால் அந்த மாதங்களில் பிள்ளை உயிரோடுதான் இருக்கிறது. ஸ்கேன் அறைக் கதவு திறந்து அவர்கள் வெளியே வரும் இடத்தில் கதையை ஆரம்பியுங்கள். அதற்கு முன்னால் நடந்ததை டாக்டர் எழுதி வைத்திருப்பார்.